பச்சைப் புள்ளி

"என் போட்டோ மட்டும் வேண்டாம்க்கா."

"நீ என்ன நடிகையா, இவ்வளவு பிகு பண்றே?" என்று சிரித்தான் முதலாளியம்மாவின் தம்பி.

நான்கு பெண்கள் வீடு வீடாகப் போய்ச் சுத்தம் செய்யும் சிறிய நிறுவனம் அது. வாடிக்கையாளர்கள் வேலைக்கு ஆள் பதிவு செய்ய இரண்டு செயலிகளைப் பார்த்து, அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தவன் அவன்தான்.

"வர்றவங்க முகம் தெரிஞ்சாதான் கதவைத் திறப்பாங்க. நீங்க எங்க வந்துட்டிருக்கீங்கன்னு மேப்ல பச்சைப் புள்ளியாத் தெரியும்."

வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன அவள் விடவில்லை. "வெறும் மெசேஜ் போற ஆப் ஒண்ணு காட்டினீங்களே, அதையே வெச்சுக்கலாமே."

"தினம் மூணு மணியானா பறந்துடுறியே, அது மேப்ல தெரிஞ்சிடும்னு பயமா?"

"தம்பி, சும்மா இரு," என்றாள் முதலாளியம்மா. பிறகு அவளிடம், "கூச்சப்படாதேம்மா. காலையிலயே எல்லார் படமும் போட்டாச்சு," என்றாள்.

அவள் முகம் வெளுத்தது. "எத்தனை பேர் பார்த்திருப்பாங்க?"

"முந்நூறு பேருக்கு மேல," என்றான் தம்பி பெருமையாக. அதற்குள் கணினியில் மணி அடித்தது. "பாரு, முதல் புக்கிங்கே உனக்குத்தான்."

முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்சாகமாகப் படிக்கத் தொடங்கினாள். போகப்போக அவள் குரல் இறங்கியது.

"போட்டோவுல இருக்கறவங்களையே அனுப்புங்க. மூணு மாசமா ஊர் ஊரா இவளைத்தான் தேடறேன். என் மகளை இவ எந்த ஸ்கூல்ல சேர்த்திருக்கான்னு மட்டும் இப்பவே கேட்டுச் சொல்லுங்க."