அளவு தப்பின மோதிரம்

"யாருய்யா இங்க ஓனரு?"

தட்டாஞ்சாவடி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல, பள்ளிக்கூடங்களுக்கு ஆண்டு மலரும், ப்ளஸ் டூ முடிக்கிற பசங்களுக்கு வருஷம் பொறிச்ச பேட்ச் மோதிரமும் செய்யற கம்பெனி அது. வாசல்ல ஒரு கொத்தனாரு, பேரு பாவாடை, நின்னுக்கினு இருந்தாரு. கையில ஒரு நீலக் கலர் டப்பா.

"நான்தாங்க, சகாயநாதன். உள்ள வாங்கண்ணே, ஒக்காருங்க."

"ஒக்காரவா வந்தேன்? இதப் பாரு!"

டப்பாவத் தொறந்து மேசை மேல கவுத்தாரு. '2006'னு பொறிச்ச வெள்ளி மோதிரம் ஒண்ணு உருண்டு போயி டீ கிளாஸ்ல முட்டி நின்னுச்சு.

"என் பொண்ணு சிவசங்கரிக்கு நீங்க செஞ்சு குடுத்த மோதிரம். அது விரலு வெண்டக்கா மாதிரி இருக்கும். இதுக்குள்ள போர் பைப்பே பூந்துடும்யா!"

சகாயநாதன் மோதிரத்த எடுத்துப் பாத்தாரு. மொகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு.

"இது எப்படிண்ணே ஒங்க கைக்கு வந்துச்சு?"

"நேத்து ஸ்கூல்ல ஆண்டு மலர் புக்கும் மோதிரமும் குடுத்தாங்களாம். புக்க மட்டும் காமிச்சுது. மோதிரம் எங்கடின்னா, அப்பறம் பாத்துக்கலாம்பான்னுது. காலையில நானே பையத் தொறந்து பாத்தா இந்தக் கூத்து! 'வேணாம்பா, அங்க போவாத'ன்னு கையப் புடிச்சு இழுத்து அழுவுது. ஒரு தப்பத் தட்டிக் கேக்கக்கூட என் புள்ளைக்கு பயம்!"

"அண்ணே, அது வந்து..."

"நீ பேசாத! வர்ற சனிக்கிழம ஃபங்ஷன். பெத்தவங்க மேடை ஏறி புள்ளைக்கு மோதிரம் போட்டு வுடணும். பிரெஞ்சு சர்க்காரு பென்ஷன் வாங்கற வசதியான வூட்டுப் புள்ளைங்கள்லாம் படிக்கிற எடம். அத்தினி பேரு முன்னாடி நான் போட்டு வுட, இது கயண்டு ஓட, நான் மேடையில குனிஞ்சு தேட... என் புள்ள மானம் என்னய்யா ஆவறது?"

மூச்சு வாங்கினாரு.

"புக்கு நல்லாத்தான் போட்டுருக்க. போட்டோவுல என் புள்ள கலெக்டர் மாதிரி இருக்குது. அது வேற விஷயம். மோதிரத்துக்கு பதில் சொல்லு!"

சத்தம் கேட்டு, மோதிரம் செய்யற இருதயமேரி உள்ளேருந்து வந்தாங்க.

"சார், நான் அப்பவே கேட்டேனே, பொம்பளப் புள்ளைக்கு இவ்ளோ பெரிய சைஸான்னு? குடுத்த அளவுக்கு செய்யுன்னீங்க."

"ஆங்! ஒங்க ஆளே சொல்லுது, கேட்டுக்க!"

சகாயநாதன் தலையக் குனிஞ்சாரு. "தப்பு என்னுதுதாண்ணே. ஸ்கூலுக்குப் போயி அளவு வாங்கினது நான். மன்னிச்சுக்கங்க."

"ஒன் மன்னிப்பையா விரல்ல மாட்ட முடியும்? குடு இப்படி. நேரு வீதியில எனக்குத் தெரிஞ்ச பத்தர் இருக்காரு. வெட்டி சின்னதாக்கிக்கிறேன்."

"ஐயோ, வேணாம்!" மோதிரத்த உள்ளங்கையில வச்சு சட்டுனு மூடிக்கினாரு சகாயநாதன். "எங்க தப்பு, நாங்களே சரி பண்றோம். சனிக்கிழம ஸ்கூலுக்கே கொண்டாந்து ஒங்க கையில குடுக்கறேன்."

"ஏமாத்தலாம்னு பாக்காத. செவுரு கட்டத் தெரிஞ்சவனுக்கு இடிக்கவும் தெரியும்."

வண்டிய ஒதைச்சுக் கெளப்பிக்கினு போயிட்டாரு பாவாடை.

இருதயமேரி கைய நீட்டினாங்க. "குடுங்க சார். ஒரு துண்டு அறுத்து எடுத்துட்டு முனைய சேத்துப் பத்த வச்சிடறேன். டீ ஆறதுக்குள்ள முடிஞ்சிடும்."

"வேணாம்."

சகாயநாதன் மோதிரத்தத் தொடச்சு, டப்பாவுல வச்சு மூடினாரு.

"சரி பண்றேன்னு வாக்கு குடுத்தீங்களே?"

"குடுத்தேன்."

"அப்பறம்?"

"போயி வேலையப் பாரு மேரி."

"கொத்தனார் புள்ளதானன்னு அலட்சியமா சார்? இதுவே டாக்டர் வூட்டுப் புள்ளையா இருந்தா வுட்டுருப்பீங்களா?"

அவரு டப்பாவ மேசை டிராயர்ல வச்சுப் பூட்டினாரு.

சனிக்கிழம சாயங்காலம் ஃபங்ஷனுக்கு ரெண்டு பேருமே போனாங்க. அடி வுழுந்தா வெலக்கி வுட ஒரு ஆளு வேணும்னு மேரி தானா கெளம்பி வந்தாங்க. சகாயநாதன் டப்பாவ பாவாடை கையில குடுத்துட்டு, கடைசி வரிசையில போயி ஒக்காந்துக்கினாரு.

மைக்ல சிவசங்கரி பேரக் கூப்ட்டாங்க.

இஸ்திரி போட்ட வெள்ளச் சட்டையில பாவாடை மேடை ஏறினாரு. டப்பாவத் தொறந்தாரு. அதே மோதிரம். இம்மி கொறையல.

பல்லக் கடிச்சுக்கினு கூட்டத்துல சகாயநாதனத் தேடினாரு.

"போச்சு"ன்னாங்க மேரி. "ஓடிடலாமா சார்?"

அதுக்குள்ள சிவசங்கரி டப்பாவுலேருந்து மோதிரத்த எடுத்துச்சு. அப்பா கையப் புடிச்சுது. சிமெண்ட்ல வெடிச்ச அந்த மோதிர விரல்ல மாட்டி வுட்டுச்சு.

அச்சுல வார்த்த மாதிரி உக்காந்துச்சு.

பாவாடை விரலப் பாக்கறாரு, பொண்ணப் பாக்கறாரு, மறுபடி விரலப் பாக்கறாரு. கீழ கைதட்டு அடங்கல.

மேரி கண்ணத் தொடச்சுக்கினாங்க. "மொதல்லயே சொல்லித் தொலச்சிருந்தா, அந்த மனுசன்கிட்ட அவ்ளோ பேச்சு வாங்கியிருக்க வேணாம்ல சார்?"

"'அப்பா தூங்கும்போது விரல்ல நூல் சுத்தி அளவு எடுத்தேன், யாருக்கும் சொல்லாதீங்க சார்'னு அந்தப் பொண்ணு நூலக் குடுத்துச்சு மேரி. நாலு திட்டுக்குப் பயந்து அதப் போயி நான் கெடுக்கறதா?"