ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போனவள்

"போன்ல பாட்டுக் கேக்க ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் வேணும். விலை கூடுனதாவே காட்டுங்க" என்றாள் பாண்டிமீனா.

கோச்சடையில் அந்தச் சின்னக் கடையை ஜெயபாண்டி ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டான். மூன்று பெட்டிகளைப் பிரித்து வைத்தான். அவள் ஒவ்வொன்றிலும் தன் இயர்போனை மாட்டிக் கேட்டாள். தெரிந்ததையே தெரியாதவள்போல் திரும்பத் திரும்பக் கேட்க அவளுக்கே கூச்சமாக இருந்தது. அவனோ முகம் சுளிக்காமல் பதில் சொன்னான்.

அம்மா போனில் வந்தாள். "முடிவு பண்ணிட்டியாடி? சாயங்காலத்துக்குள்ள அப்பா பதில் சொல்லணும்ல?"

"பார்த்துக்கிட்டுத்தாம்மா இருக்கேன்." அவசரத்தில் தலையாட்டிவிட்டுப் பிறகு நொந்துகொள்ள அவளுக்கு மனமில்லை.

"இந்தப் பெருசுக்கே பில் போடுங்க" என்றாள் அவனிடம்.

"வேணாங்க. பெரிய ஹெட்போனுக்குத்தான் இது தேவைப்படும். உங்க சின்ன இயர்போனுக்கு போன் சத்தமே போதும். இம்புட்டுக் காசு எதுக்கு?"

"யாவாரம் வேணாமா உங்களுக்கு?"

"வேணும்தான். அதுக்காக உங்க தலையில கட்ட முடியுமா?" என்று சிரித்தபடி பெட்டிகளை மூடினான்.

ஒரு வாரமாக அவளுக்குள் இருந்த பயம் கரைந்தது. வெளியே வந்து அம்மாவை அழைத்தாள்.

"அம்மா, மாப்பிள்ளையப் பார்த்துப் பேசிட்டேன். எனக்குச் சம்மதம்."

"அடியே, அவங்களுக்கு உன் போட்டோகூட இன்னும் அனுப்பலியே!"

"இப்ப அவருக்கே அனுப்பும்மா" என்றவள், கடைக்குள் அவன் போனைக் கையில் எடுக்கும்வரை வாசலிலேயே நின்றாள்.