விரிப்பில் விட்டுப்போன இடம்

ஆணழகன் போட்டிக்கு முந்தின சாயங்காலம் செல்வினின் முதுகுக்குப் பழுப்புச் சாயம் பூசிவிடுவது அவன் மனைவி பிரிசில்லாவின் வேலை. மேடை வெளிச்சத்தில் தசை எடுப்பாகத் தெரிய அது வேண்டுமாம். மற்ற இடமெல்லாம் அவனே பூசிக்கொள்வான். பிறகு சாயம் கலையாதிருக்க, பழைய வெள்ளை விரிப்பில் கைகளை அகல விரித்து மல்லாந்து படுப்பான். அன்றைக்கு அவள் பக்கத்தில் படுக்கக் கூடாது. விடிந்து பார்த்தால், யாரையோ அணைக்கக் காத்திருப்பவன்போல ஓர் உருவம் விரிப்பில் படிந்திருக்கும்.

போன வருஷம் நடுமுதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் பூசாமல் விட்டுவிட்டாள். மூன்றாம் இடம்தான் கிடைத்தது. "விடு பிள்ள, என் முதுகு எனக்கா தெரியப்போவுது" என்று சிரித்தான்.

அடுத்த மாதமே துபாயில் ஜிம் பயிற்சியாளர் வேலைக்குப் போய்விட்டான். அந்த விரிப்பை அவள் துவைக்கவேயில்லை. மத்தியானங்களில் அதைக் கட்டிலில் விரித்து, சாயம் படியாத அந்த வெள்ளைத் திட்டில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொள்வாள்.

இன்று அங்கே நடந்த போட்டியில் அவனுக்கு முதல் பரிசு. போனில் கூப்பிட்டான்.

"முதுகுக்கு யாரு பூசினா?"

"இங்க மெஷின் வச்சு அடிச்சு விட்டுருதாங்க. அஞ்சே நிமிஷம்."

படமும் அனுப்பினான். முதுகைக் காட்டி, கைகளை மடக்கி உயர்த்தி நின்றிருந்தான். பிரிசில்லா படத்தை விரலால் பெரிதாக்கி, நகர்த்தி நகர்த்தி நடுமுதுகுக்கு வந்தாள். ஒரு விரல் வைக்கிற இடம்கூட விட்டுப்போகவில்லை.