கட்டப்பட்ட இடக்கை

அறையில் இருப்பவர்கள் நான், என் தம்பி, அவன் மனைவி, பயிற்சி கொடுக்கும் பெண். பக்கவாதம் தாக்கிய வலக்கை மறுபடி வேலை பழகட்டும் என்று, தம்பியின் நல்ல இடக்கையைத் துணிப்பட்டையால் இடுப்போடு கட்டியிருக்கிறார்கள். மேசையில் ஒரு பிளாஸ்டிக் குவளை. ஜன்னல் வெளிச்சம் அவன் வலக்கை விரல்களில் விழுகிறது, அவை அசையவில்லை. தையற்காரன் கை அது. "எடுங்க சார், அவசரமே இல்ல," என்கிறாள் பயிற்சிப் பெண். "வரலைன்னா, அண்ணே?" என்று தம்பி என்னைக் கேட்கிறான். நான் குவளையை அவன் விரல்களுக்கு அருகே நகர்த்தி வைக்கிறேன். "ஊருக்கே துணி வெட்டின கைக்கு ஒரு குவளை பாரமா?" என்கிறாள் அவன் மனைவி, சிரிக்கப் பார்க்கிறாள். அவன் சுண்டுவிரல் பட்டு, குவளை மேசை விளிம்புவரை நகர்கிறது. சித்தம் கலங்கியதால் அவனைக் கட்டிப்போட்டோம் என்று உறவில் பேச்சு. இல்லை. கட்டச் சொல்லி இடக்கையை நீட்டியவன் அவனேதான்.