கடைசி ‘ரெடி’

“காலண்டர்?”

“ரெடி அக்கா.”

“பாட்டுப்பெட்டி?”

“ரெடி!”

“படப்பெட்டி?”

“ஆச்சுக்கா... முடிஞ்ச மாதிரிதான்.”

“ஆமை அண்ணா?”

திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்த முகங்களில் ஒன்று நரைத்த தலையைச் சொறிந்தது. “என்னோடது இன்னும் முடியலம்மா. ஒரு நாள் குடுங்களேன்.”

சொல்லிவிட்டு அவர் திரையிலிருந்து விலகியதுதான் தாமதம், பிடித்துக்கொண்டார்கள்.

“வருஷா வருஷம் இதே கூத்தா?”

“இவர் ஒருத்தருக்காக நாங்க எல்லாரும் தவம் கிடக்கணுமா? அக்கா, இந்தத் தடவை அவரை விட்டுட்டுப் போயிடலாம்!”

அக்கா என்றால் ஒருங்கிணைப்பாளர். ஊதியமில்லாமல் ஆசைக்காக மென்பொருள் செய்கிற குழுக்கள் பல சேர்ந்து, வருஷத்துக்கு ஒரு தடவை, எல்லாவற்றையும் ஒரே நாளில் வெளியிடுவார்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், பிரித்து மேயலாம். பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமே அங்கே கிடையாது. காலண்டர் செய்தவர் காலண்டர், பாட்டுக்குச் செய்தவர் பாட்டுப்பெட்டி. இந்தப் பட்டாளத்தை ஒரு தேதிக்குள் கட்டி இழுப்பதற்குள் அவளுக்கு நாக்குத் தள்ளிவிடும். இத்தனைக்கும் நடுவில், எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கும் தன் மென்பொருளை முதல் ஆளாக முடித்து வைத்திருந்தாள்.

“சரி, விட்டுடலாம். நானே நேர்ல போய்ச் சொல்லிடறேன்” என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, பஸ்ஸில் உட்கார்ந்ததும் மனசு கேட்கவில்லை. திரையில் இருப்பதைப் பார்வையில்லாதவர்களுக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள் அவருடையது. இப்போது விட்டால் அடுத்த வருஷம்தான்.

அந்தக் காலம் ஞாபகத்துக்கு வந்தது. ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. சுற்றுவதைவிடச் சத்தம் அதிகம் போடும் மின்விசிறி. எல்லோருடைய வேலையையும் ஒரே சி.டி.யில் எழுதி, சூடு ஆறுவதற்குள் அதன்மேல் மார்க்கரில் பேர் எழுதி, பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார்கள். என்ன அரட்டை, என்ன சிரிப்பு! இன்றைக்கு எந்தத் திரையில் கிடைக்கும் அது?

முதல் வெளியீட்டிலேயே அவர் இப்படித்தான், “என்னோடது முடியலைங்க” என்று கையைத் தூக்கினார். அறையே பொரிந்து தள்ளியது. “இவர் அண்ணா இல்ல, ஆமை!” என்று பேர் வைத்தது அவள்தான். எல்லோரையும்விட அதிகம் சிரித்தவர் அவர். அந்த ஒரு நாள் கிடைத்ததில் அவளுடைய வேலையும் நல்லபடியாக முடிந்தது, அது வேறு கதை.

கதவைத் திறந்தது அவர் மனைவி. “அடடே, வாம்மா! வழி தெரிஞ்சுதா?”

அவர் லேப்டாப் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். அவள் மென்று விழுங்கினாள்.

“அண்ணா, தப்பா நினைக்காதீங்க. இந்தத் தடவை உங்களுதை விட்டுட்டுப் போறோம். என்னால அவங்களுக்குப் பதில் சொல்லி மாளல.”

அவர் முகம் சுருங்கியது. “என்னை விட்டாலும் பரவாயில்லம்மா. தேதியை மட்டும் ஒரு நாள் தள்ளி வை.”

டீ கொண்டுவந்த மனைவி அப்படியே நின்றாள். “இது என்னங்க அநியாயம்? உங்களுது போன வாரமே முடிஞ்சு போச்சே! எனக்குப் போட்டுக் காட்டினீங்களே!”

“நீ சும்மா இரேன்.”

“அண்ணா?”

மாட்டிக்கொண்டவர் அசடு வழிந்தார். “படப்பெட்டித் தம்பி எதையோ மாத்தப் போய், மொத்தமும் புட்டுக்கிச்சும்மா. அவனுக்குச் சபையில சொல்ல வெட்கம். ‘முடிஞ்ச மாதிரிதான்’னான் பாரு. நம்ம ஆளுங்க அப்படிச் சொன்னா என்ன அர்த்தம்?”

“பாதிகூட ஆகலைன்னு அர்த்தம்” என்றாள், சிரிப்பை அடக்க முடியாமல்.

“அதேதான். என்னைத் திட்டினா எனக்கு உறைக்காது, பழகிடுச்சு. அவன் பாவம், முதல் வருஷமே பேர் கெட்டா ஓடியே போயிடுவான்.”

“எப்பலேர்ந்துண்ணா இந்த வேலை?”

“டீ ஆறுது, குடி” என்று சொல்லிவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்கு நழுவிவிட்டார்.

மனைவி குரலைத் தாழ்த்தினாள். “ஆரம்பத்துலேர்ந்தேதாம்மா. முதல் வருஷம் யாரோ ஒரு பொண்ணு, வேலையைக் கெடுத்து வெச்சுட்டு, மாடிப்படியில தனியா உட்கார்ந்து அழுதுச்சாம். பார்த்துட்டுச் சும்மா இருப்பாரா? தன்னோடதுதான் முடியலைன்னு சொல்லிட்டு வந்துட்டார். யாருன்னு கேட்டா இன்னிக்கு வரைக்கும் மூச்சு விடல.”

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். அந்தப் படிக்கட்டில் தன்னை யாருமே பார்க்கவில்லை என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். எல்லோரும் இருக்கும் குழுவில் ஏதோ எழுதினாள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளறையிலிருந்து ஒரு குரல் கேட்டது. அவர் குரல் இல்லை. அவருடைய மென்பொருள், வந்த செய்திகளை வாசித்துக்கொண்டிருந்தது.

“ஆமை அண்ணாவோடது ரெடி. என்னோடதுலதான் கோளாறு. எனக்கு ஒரு நாள் வேணும்.”

“பரவால்லக்கா, பரவால்லக்கா! நிதானமா முடிங்க!” இது படப்பெட்டி.

“அக்கா, நீங்களுமா? இனிமே உங்க பேரு ஆமை அக்கா!” இது பாட்டுப்பெட்டி.

ஓர் எழுத்துகூடப் பிசகாமல் வாசித்தது.