ஓரத்தில் ஒரு கட்டைவிரல்

பழைய சட்டங்களை இணையத்தில் சேர்க்கும் வேலையைப் பல ஊர்க்காரர்கள் பங்கு போட்டுச் செய்துவந்தார்கள். செங்கொடி பக்கங்களைப் படம் எடுத்து ஏற்றுவாள். வேறோர் ஊரில் இருக்கும் கோதண்டம் சரிபார்ப்பார். படத்தில் விரல் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். அவள் எடுத்த வேறு படம் எதுவும் இதுவரை திரும்பியதில்லை. ஒரு சமஸ்தானச் சட்டப் பக்கம் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. அதன் ஓரத்தை அவளுடைய கட்டைவிரல் அழுத்திப் பிடித்திருந்தது.

கோதண்டம் போனில் கூப்பிட்டார். “என்னம்மா, மறுபடியும் விரல் விழுந்திருக்கே?”

“விழலை சார், வெச்சேன். பக்கத்தைப் படிச்சீங்களா?”

அவர் அப்போதுதான் படித்தார். “கீழ்க்கண்ட சாதியார் தொட்ட காகிதம் நீதிமன்றத்தில் செல்லாது…”

“அதுக்குக் கீழ மூணாவதா இருக்கிறது நாங்கதான்.”

அவர் கேட்டார். “விதின்னு ஒண்ணு இருக்கேம்மா. ஓரத்தை மட்டும் வெட்டிடவா?”

“எதுக்கு? எழுத்து ஒண்ணுகூட மறையலையே. என்ன எழுதினாங்கன்னு எல்லாரும் படிக்கட்டும். இப்ப அதை யார் கை புடிச்சிருக்குன்னும் பாக்கட்டும். நீங்க திருப்பி அனுப்புங்க சார். அடுத்த தடவையும் இதே விரல்தான் வரும்.”