வலமா, இடமா?

"மச்சான், இப்ப வலமா, இடமா?"

துடுப்பை நிறுத்திவிட்டு செம்பியன் இப்படிக் கேட்பது ஐந்தாவது முறை.

படகின் முனையில் தலையில் துண்டு கட்டி உட்கார்ந்திருந்த சாமிக்கண்ணு, வாய்க்கால் பிரியுமிடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இடம்."

சிதம்பரத்திலிருந்து மனைவியோடு கிள்ளைக்கு அலையாத்திக் காட்டைப் படகில் சுற்றிப்பார்க்க வந்திருந்த சூர்யநாராயணனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்ப்பா, உனக்கு வழியே தெரியாதா?"

"புதுசு சார். எல்லா வாய்க்காலும் ஒரே மாரி இருக்கு."

"வழி தெரிஞ்சவர் சும்மா உக்காந்து வராரு. தெரியாதவன் ஓட்டறே. நல்லாயிருக்கு!"

"துடுப்பைப் புடிக்கிறியா மச்சான்?"

"வேணாம், வேணாம்." சாமிக்கண்ணு கைகளை மடியில் ஒளித்துக்கொண்டார்.

"விடுங்களேன். நம்ம தெருவுக்கே நீங்க மேப் போட்டுத்தான் வருவீங்க" என்றாள் மனைவி நித்யஸ்ரீ.

அடுத்த பிரிவில் சாமிக்கண்ணு "வலம்" என்றார். உடனே, "இல்ல, இரு. தண்ணி வத்துற நேரம். வலத்துல போனா சேத்துல மாட்டிக்குவோம். இடத்துல திருப்பு."

செம்பியன் மறுபேச்சில்லாமல் திருப்பினான்.

கரை சேர்ந்ததும் சூர்யநாராயணன் நேராக டிக்கெட் கவுண்டருக்குப் போனார்.

"அந்த ஆளுக்கு வழி தெரியலைங்க. முதல்ல அவனை நிறுத்துங்க."

கவுண்டரில் இருந்த அறிவுமதி எட்டிப் பார்த்தார். "யாரு, செம்பியனா? பதினாறு வருஷமா ஓட்டறான் சார். கண்ணைக் கட்டிவிட்டாலும் கரைக்கு வந்துடுவான்."

"அப்புறம் எதுக்கு வழி கேட்டான்?"

"படகு முனையில உக்காந்திருந்தாரே, அவன் அக்கா வீட்டுக்காரர். அவரும் இங்க படகோட்டினவர்தான். மூளையில நீர்க்கட்டி. ஆபரேஷன் ஆகி ஆறு மாசம் ஆச்சு. வழி மறந்திருக்குமோன்னு பயந்துக்கிட்டு துடுப்பைத் தொட மாட்டேங்கறாரு. பழகின வேலையில கொஞ்சம் கொஞ்சமா ஈடுபடுத்துங்கன்னு டாக்டர் சொன்னாராம். அதான் இவன் ஒரு மாசமா வழி தெரியாதவனா நடிச்சு, தினமும் யார்கிட்டயாவது திட்டு வாங்கறான்."

சூர்யநாராயணன் துறைக்குத் திரும்பி நடந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும்.

படகில் அடுத்த சவாரிக்கு ஆள் ஏறிக்கொண்டிருந்தது. செம்பியன் வழக்கம்போல் ஆரம்பித்தான்.

"மச்சான், முதல்ல எந்தப் பக்கம் போவணும்?"

சாமிக்கண்ணு முனையிலிருந்து எழுந்து வந்தார்.

"ஏன்டா, இங்க ஒவ்வொரு வாய்க்காலையும் உனக்குக் காட்டிக்குடுத்ததே நான்தானே? அதுகூடவா எனக்கு மறந்துபோயிருக்கும்? தள்ளி உக்காரு, துடுப்பைக் குடு."